இலவசச் சீட்டும் எட்டணா சீட்டும்: கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி.

டெங்கில், பந்திங், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேர்விட்ட குடும்பங்கள் பலவற்றில் பழைய கதை ஒரு கப்பலில்தான் தொடங்கும். நாகப்பட்டினத்தில் ஏறியது, பினாங்கில் நின்றது, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியது என்று தாத்தா பாட்டி சொன்னது பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடம். எந்தக் கப்பல் என்று கேட்டால் பெரும்பாலும் ரஜூலா என்றுதான் பதில் வரும். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய கப்பல் அது. அதன் உரிமையாளர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி.

ரஜூலா கடலில் இறங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, அதே பி.ஐ. கம்பெனியோடு பயணச்சீட்டு விலையில் மோதினார் தூத்துக்குடி வழக்கறிஞர் ஒருவர். அவர்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

வ.உ.சி. என்றதும் செக்கும் சிறையும் நினைவுக்கு வரும். ம.பொ. சிவஞானத்தின் நூலும், 1961இல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த கப்பலோட்டிய தமிழன் படமும் அவரை அப்படித்தான் நம் மனத்தில் பதித்திருக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் சிறைக்குப் போகும் முன் அவர் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பாளர். கப்பல் நேரம், டிக்கெட் விலை, நிலக்கரிச் செலவு, மாலுமிகள் சம்பளம் இவையெல்லாம் அவர் தலையில் இருந்தன. அவருடைய வாழ்க்கையின் அந்தப் பகுதியைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

ஒட்டப்பிடாரத்திலிருந்து துறைமுகத்துக்கு

திருநெல்வேலி மாவட்டம் ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5ஆம் தேதி பிறந்தவர் வ.உ.சி. தந்தை உலகநாதன் பிள்ளை வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மாள். பள்ளிப் படிப்பு ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும். தாலுகா அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு திருச்சியில் சட்டம் படித்து, 1895 முதல் சொந்த ஊரிலேயே வழக்காடினார். ஏழைகளின் வழக்குகளைக் காசு வாங்காமல் நடத்தினார், காவல்துறை தொடுத்த வழக்குகளை உடைத்தார் என்பதால் அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1900இல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைய தூத்துக்குடியைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும். மதராஸிலிருந்து வரும் ரயில் பாதை அங்கே கடற்கரையில் முடியும். அங்கிருந்து ஒரே இரவில் கொழும்பு. கடல் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் கரைக்கு வரமாட்டா. பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், பயணிகள் சிறு படகில் போய் ஏறவேண்டும். நெல்லைச் சீமைக்குக் கொழும்புதான் பெருநகரம். புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர்கள், அரிசி, பருத்தி, கருவாட்டு வணிகர்கள், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், ஊர்த் திருவிழாவுக்குத் திரும்புகிறவர்கள் என்று மக்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். இப்போது கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே பஸ் ஓடுவதுபோல அந்தக் கப்பல் ஓடியது.

அந்த வழி பி.ஐ. கம்பெனியின் கையில் இருந்தது. கட்டணத்தை அவர்கள்தான் சொல்வார்கள், நேரத்தையும் அவர்கள்தான் சொல்வார்கள். தூத்துக்குடியில் அதன் முகவர் ஏ. அண்டு எஃப். ஹார்வி நிறுவனம். ஊரின் பெரிய பஞ்சாலையான கோரல் மில்லும் அவர்களுடையதுதான். மில்லும் கப்பலும் ஒரே கையில்.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

வங்கப் பிரிவினைக்குப் பிறகு எழுந்த சுதேசி அலை 1906இல் தூத்துக்குடிக்கும் வந்தது. சுதேசித் துணி, சுதேசித் தீப்பெட்டி என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது வ.உ.சி.யின் கண் கப்பல்மேல் விழுந்தது. சரக்கு சுதேசியாக இருந்தாலும் அதை ஏற்றிச்செல்லும் கப்பல் அந்நியனுடையது என்றால் லாபம் எங்கே போகும் என்பது எளிய கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து முதலீடு திரட்டக் கிளம்பியவர்கள் அன்று மிகக் குறைவு.

1906 அக்டோபர் 16ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஆசிய நாட்டவர் யாரும் பங்கு வாங்கலாம். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் தனியாளாக 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். தமிழ்ப் புலவர்களைப் போற்றிய ஜமீன்தாரும், பெரும் வணிகரான முஸ்லிம் செல்வரும், வழக்கறிஞரும், சில்லறைக் கடைக்காரரும் ஒரே பங்குப் பட்டியலில் இருந்தார்கள். அந்த ஒற்றுமையைக் கொண்டுவந்தது ஒரு கப்பல் என்பதைக் கவனிக்கவேண்டும்.

பொதுமக்களிடம் பங்கு விற்றுப் படகு விடுவது உலகத்துக்குப் புதிதன்று. இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் நீரிணையில் மக்களை அக்கரை சேர்த்த ஷிர்கெத்-இ-ஹைரியே என்ற கம்பெனி 1851லேயே பங்கு மூலதனத்தில் தொடங்கியது. 1945இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை ஓடியது. நம் பினாங்கு ஃபெரியும் தனியார் தொழிலாகப் பிறந்ததுதான். 1894இல் குவா பெங் கீ தொடங்கினார், 1924இல் துறைமுக வாரியம் ஏற்றது. போர்ட் கிள்ளானிலிருந்து கெத்தாம் தீவுக்கு இன்றும் தனியார் படகுகள்தான் ஓடுகின்றன. வ.உ.சி.யின் கம்பெனி தனியாருடையது என்பதில் வியப்பில்லை. ஆட்சியையே பின்னால் வைத்திருந்த ஒரு போட்டியாளரோடு அது மோதியதுதான் வேறுபாடு.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. ஷா லைன் என்ற நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி நெருக்கியதும் ஷா லைன் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உடனே இலங்கையிலிருந்து வேறொன்று வாடகைக்கு வந்தது. வாடகைக் கப்பல் எந்த நேரமும் கைவிட்டுப் போகும் என்று புரிந்துகொண்ட வ.உ.சி. சொந்தக் கப்பல் வாங்க பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மகன் உலகநாதனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி மீனாட்சி அம்மாள் நிறைமாதம். கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து உயிர்விடுவேன் என்று சொல்லிப் போனதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் குறிப்பிடுகிறார்கள்.

1907இல் எஸ்.எஸ். காலியா வந்தது. எஸ்.எஸ். லாவோ வந்தது. முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், அதோடு 4,000 மூட்டைச் சரக்கு ஏற்றக்கூடிய கப்பல்கள் என்று குறிப்புகள் சொல்கின்றன. சாதாரண வகுப்பின் அந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே யாருக்காக இந்தக் கப்பல் என்று தெரியும். பாரதியார் தமது இந்தியா வார இதழில் இதைக் கொண்டாடி எழுதினார்.

கட்டணப் போர்

ஊர் வணிகர்கள் சுதேசிக் கப்பலுக்கு மாறினார்கள். பி.ஐ. கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. ஒரு பயணத்துக்கு ஒரு ரூபாய். சுதேசிக் கம்பெனி அதில் பாதியாக எட்டணா என்றது. பி.ஐ. அடுத்த அடி வைத்தது. இலவசமாகவே ஏறுங்கள், போகும்போது ஒரு குடையும் வாங்கிக்கொள்ளுங்கள்!

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வராது. சாதாரண வகுப்பில் 1,300 இடமும் நிரம்பினால்கூட எட்டணா வீதம் வசூல் 650 ரூபாய். கப்பல் காலியாகப் போனாலும் நிறைந்து போனாலும் கொதிகலனுக்கு நிலக்கரி போட்டாகவேண்டும். மாலுமிக்குச் சம்பளம், துறைமுகக் கட்டணம், கப்பல் வாங்கிய கடன் எல்லாம் காத்திருக்கும். பி.ஐ. கம்பெனிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள். ரங்கூன், கல்கத்தா, பாரசீக வளைகுடா, சிங்கப்பூர் என்று எங்கும் வருமானம். தூத்துக்குடி வழியில் ஓர் ஆண்டு முழுக்க நட்டம் வந்தாலும் அது தாங்கும். இரண்டு கப்பல் வைத்திருப்பவரால் தாங்க முடியாது.

இந்த உத்தி அமெரிக்கர்களுக்குப் பழக்கமானது. நியூயார்க்கில் சிறு படகில் ஆள் ஏற்றித் தொழில் தொடங்கிய கொர்னேலியஸ் வாண்டர்பில்ட், 1834இல் ஹட்சன் ஆற்றில் பெரிய கம்பெனிகளின் கூட்டை எதிர்த்து ஆல்பனி நகருக்குக் கப்பல் விட்டார். 3 டாலர் கட்டணத்தை 1 டாலராக்கி, பிறகு 10 காசாக்கி, கடைசியில் ஒன்றுமில்லை என்று அறிவித்தார். இழந்த பணத்தைக் கப்பலில் விற்ற சாப்பாட்டு விலையில் எடுத்துக்கொண்டார். எதிராளிகள் தாங்காமல் 1,00,000 டாலரும், பத்தாண்டுக்கு ஆண்டுதோறும் 5,000 டாலரும் கொடுத்து அவரை அந்த ஆற்றிலிருந்து விலகச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு விலகினார். பின்னாளில் அமெரிக்காவின் பெருங்கோடீஸ்வரரானார்.

வ.உ.சி.யிடமும் விலை பேசிப் பார்த்தார்கள், அவர் மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. வியாபாரியாக மட்டும் இருந்திருந்தால் அந்த இடத்தில் கை நீட்டியிருக்கலாம். கடன் அடைந்திருக்கும், குடும்பம் பிழைத்திருக்கும். தமிழகத் தொழில் வரலாற்றில் இன்னொரு பணக்காரர் பெயர் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

கட்டணத்தோடு விடவில்லை. சுதேசிக் கப்பலில் போகிறவர்களுக்கு மருத்துவச் சோதனை, சுங்கச் சோதனை என்று துறைமுகத்தில் தாமதம் செய்தார்கள். அரசு ஊழியர்கள் அந்தக் கப்பல் பக்கம் போகத் தயங்கினார்கள். எட்டணா கொடுத்துச் சோதனையில் நிற்பதா, இலவசமாக ஏறிக் குடையோடு இறங்குவதா? குழந்தை குட்டியோடு நின்ற ஒரு கூலிக் குடும்பத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர்களுக்கு நாட்டுப்பற்று போதவில்லை என்று சொல்வது நியாயமாகாது. அவர்கள் நிலைமை அப்படி. ஆனால் இலவசச் சீட்டின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள் என்பதும் உண்மை.

இந்த இடத்தில் மலாயாவின் பக்கம் பார்ப்பது நல்லது. ஏறக்குறைய அதே காலத்தில், 1907இல், இங்கே இந்தியக் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. தோட்ட உரிமையாளர்களிடம் வரி பிரித்துத் தமிழ்க் குடியேற்ற நிதி உருவானது. அந்த நிதியிலிருந்து தொழிலாளர்களுக்கு இலவசக் கப்பல் சீட்டு கொடுத்தார்கள். நாகப்பட்டினத்திலும் மதராஸிலும் ஏற்றி பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறக்கிய கப்பல்கள் பி.ஐ. கம்பெனியுடையவை. கங்காணி காட்டிய சீட்டுக்கு நம் முன்னோர் காசு கொடுக்கவில்லை. ரப்பர் காட்டில் விடியற்காலை பால்மரம் சீவி அதன் விலையைக் கொடுத்தார்கள். தூத்துக்குடியில் குடை, நாகப்பட்டினத்தில் கங்காணி. கப்பல் ஒரே கொடியோடு வந்தது.

மில் வாசலிலிருந்து சிறை வாசலுக்கு

1908 பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு, வேலை நேரம், ஞாயிறு விடுமுறை ஆகியவை கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். வேலையில்லாத நாட்களில் சாப்பாட்டுக்கு நிதி திரட்டினார்கள். ஊரே சேர்ந்துகொண்டது. வெள்ளையர் பக்கம் பேசிய ஒரு வழக்கறிஞருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பேச்சைக் கேட்டுப் பாதியிலேயே எழுந்துபோன கதை இன்றும் தூத்துக்குடியில் சொல்லப்படுகிறது. பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் மிக ஆரம்பகால வெற்றிகளில் ஒன்று இது.

கம்பெனி நோக்கில் பார்த்தால் இது ஆபத்தான வேலை. கப்பலில் போட்டியாளரான அதே ஹார்விகளின் மில்லில் கைவைத்தாயிற்று. பணம் போட்டவர்கள் சிலருக்கு அரசியல் வேண்டாம், கப்பல் மட்டும் ஓடினால் போதும் என்ற எண்ணம் இருந்தது. அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. ஆனால் கப்பலுக்கு எதிராக நின்றது முழுக்க முழுக்க அரசியல் என்றிருக்கையில், கப்பலிலிருந்து அரசியலைப் பிரித்து வைப்பது எப்படி என்பதை அவர்களும் சொல்லவில்லை.

மார்ச் 9ஆம் தேதி விபின் சந்திர பாலர் விடுதலையானதைக் கொண்டாடத் தடையை மீறி ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. ஆட்சியர் விஞ்ச் அழைத்துப் பேசினார். மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள், சிவாவுக்கு இடம்கொடுத்து உதவியதற்கு இன்னோர் ஆயுள். மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினார்கள். பிறகு கண்ணனூர்ச் சிறை. அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

அவர் உள்ளே இருக்க, வெளியே கம்பெனி தள்ளாடியது. வாதாடி, கடன் கேட்டு, பங்கு விற்று ஓடிக்கொண்டிருந்த ஆள் இல்லை. அச்சத்தில் வணிகர்கள் ஒதுங்கினார்கள். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டியாளரான பி.ஐ. கம்பெனியிடமே விற்கப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. செக்கிழுத்ததைவிட இந்தச் செய்திதான் அவரை உடைத்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அதே ஆண்டு ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டார். 1908இல் தூத்துக்குடியில் பொறுப்பிலிருந்த ஆஷ், சுதேசிக் கப்பலை வீழ்த்தியவர்களில் ஒருவராகக் கருதப்பட்டவர்.

வெளியே வந்தபின்

1912 டிசம்பர் 24ஆம் தேதி விடுதலை. கூட்டிச் செல்ல வந்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சொந்த மாவட்டத்துக்குப் போக வழியில்லை. மனைவி மக்களோடு சென்னையில் குடியேறினார். ஒரு காலத்தில் கப்பல்களின் வரவுசெலவு பார்த்தவர் மளிகைக் கடை வைத்துப் பார்த்தார், மண்ணெண்ணெய் விற்றுப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை.

அந்த நாட்களில் அவரை மறக்காதவர்கள் கடல் கடந்த தமிழர்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்த பணம் காந்தியிடம் இருந்தது. 1915இல் அதுகுறித்து இருவருக்கும் இடையே கடிதங்கள் தொடங்கின. தொகை எவ்வளவு, யார் கொடுத்தது என்று தேடி ஏறத்தாழ ஓர் ஆண்டு போனது. இறுதியில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. கேட்டுக் கேட்டு வாங்கும் நிலையில் அவர் இருந்தார் என்பதையும், அந்தப் பணத்தை அனுப்பியவர்கள் தாமும் கூலிக்காரர்கள், சிறு வியாபாரிகள் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

தமிழ்தான் அவருக்கு மிச்சமிருந்த தொழில். சிறையிலேயே ஜேம்ஸ் ஆலன் நூலைத் தமிழாக்கியிருந்தார். மெய்யறம், மெய்யறிவு எழுதினார், தம் வரலாற்றைச் செய்யுளாக எழுதினார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் அச்சேற்றினார். பரிமேலழகரே எல்லாம் என்றிருந்த காலத்தில் மணக்குடவரைத் தேடி எடுத்தது சிறிய காரியமில்லை. தமிழ்த்துறை மாணவர்கள் அந்தப் பதிப்பை அறிவார்கள். பதிப்பாசிரியர்தான் கப்பல்காரர் என்பதைச் சில நேரம் மறந்துவிடுவார்கள்.

பின்னர் கோயம்புத்தூரில் சில ஆண்டுகள். தொழிலாளர் சங்கப் பணி, வங்கி வேலை. 1920இல் காங்கிரசிலிருந்து விலகினார். உரிமம் திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி. நன்றிக்கடனாக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆங்கிலேயர் ஆட்சியோடு மோதியவருக்கு ஆங்கிலேயர் ஒவ்வொருவர் மேலும் பகை இருக்கவில்லை. கோவில்பட்டியில் வழக்காடினார். 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். வருமானம் போதவில்லை, கடன் இருந்தது.

அவர் திரும்பியபோது அந்தத் துறைமுகமும் பழைய துறைமுகமாக இல்லை. 1914 பிப்ரவரியில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயில்வே கம்பெனியின் கப்பல் ஓடத் தொடங்கியிருந்தது. இருபது மைல் சொச்சம்தான் கடல், மற்றதெல்லாம் ரயில். மதராஸ் – கொழும்பு போட் மெயில் பயணிகள் அந்த வழிக்குப் போய்விட்டார்கள். சுதேசிக் கம்பெனி 1911ஐத் தாண்டி நின்றிருந்தாலும் இந்தப் புது வழி அதன் அடுத்த எதிரியாக வந்திருக்கும். இதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

1936 நவம்பர் 18ஆம் தேதி வ.உ.சி. காலமானார். உயிர் பிரியவேண்டிய இடம் என்று அவரே விரும்பிய தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அது நடந்தது. வயது 64.

பி.ஐ. கம்பெனியின் ரஜூலா அப்போதும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. 1970களில் சென்னை – சிங்கப்பூர் வழியில் இந்திய அரசு நிறுவனத்தின் கப்பல் ஒன்று ஓடியது. நம் மூத்தவர்கள் பலர் அதில் ஊருக்குப் போய்வந்தவர்கள். அதன் பெயர் சிதம்பரம்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் ஒரு தனியார் நிறுவனம் அங்கிருந்து கொழும்புக்கு ஸ்காட்டியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பலை விட்டது. சில மாதங்களில் நின்றுபோனது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய சேவையும் சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் இன்னொரு தனியார் நிறுவனம் அதை மீண்டும் எடுத்து நடத்தத் தொடங்கியது. அந்தக் கப்பலின் பெயர் சிவகங்கை.